வளைவில் தெரியும் வித்தை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்களை இரண்டு வகையாகப் பிரித்துவிடலாம். ஜன்னல் வழியே பள்ளத்தாக்கைப் பார்ப்பவர்கள் ஒரு வகை. டிரைவரின் கையைப் பார்ப்பவர்கள் மற்றொரு வகை. முதல் வகையினர் பெரும்பாலும் கோடை வாசத்துக்கு வருகிறவர்கள். இரண்டாம் வகையினர் மலையிலேயே குடியிருப்பவர்கள். காப்பித் தோட்டத்து மேஸ்திரி, பள்ளி ஆசிரியர், ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும் கிழவி ஆகிய இவர்களுக்குப் பள்ளத்தாக்கு புதிதல்ல. டிரைவர்தான் நாளுக்கு ஒருவராக மாறுகிறார்.

அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். சமவெளியிலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் டிரைவர் எந்த இடத்தில் கியரைக் குறைக்கிறார், எதிரே இறங்கி வரும் லாரியை எவ்வளவு தூரத்தில் கவனிக்கிறார், ஸ்டியரிங்கை ஒரே ஓட்டமாகச் சுற்றுகிறாரா அல்லது தவணை தவணையாகத் திருத்துகிறாரா என்பதையெல்லாம் இந்த இரண்டாம் வகைப் பிரயாணிகள் பார்த்துக்கொண்டே வருவார்கள். வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஒண்டிக்கடையில் இறங்கும்போது, “நல்ல கை” என்று இரண்டு வார்த்தை சொன்னால் உண்டு. மடியில் தூங்கும் குழந்தை இருபது வளைவுக்கும் விழிக்காமல் வந்து சேர்ந்ததா என்பதுதான் அவர்களுடைய அளவுகோல். சங்கீத சபையில் முன்வரிசையில் உட்கார்ந்து தாளம் போடுகிறவர்களில் சிலரைவிட இவர்கள் தேர்ந்த ரசிகர்கள் என்பது என் அபிப்பிராயம்.

மோட்டார்ப் பந்தயத்தைப் பற்றி எழுதப் புகுந்தவன் மலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டது ஏன் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். காரணம் உண்டு. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 ஆகிய இரு நாட்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ‘பார்முலா 4’ கார்ப் பந்தயம் நடந்தது. அதைப் பற்றித் தமிழ்நாட்டில் பேசாதவர் இல்லை. ஆனால் அத்தனை பேச்சிலும், ‘நல்ல கை’ என்ற இரண்டு வார்த்தைக்கு ஈடான விமரிசனம் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. ஒருவர் பணத்தைப் பற்றிப் பேசினார். மற்றொருவர் கௌரவத்தைப் பற்றிப் பேசினார். மூன்றாமவர் வேகத்தைப் பற்றிப் பேசினார். வித்தையைப் பற்றி யாரும் பேசவில்லை. பல்லாயிரம் பேர் பார்த்த ஒரு காட்சியை யாருமே காட்சியாக வைத்து மதிப்பிடாமல் விட்டுவிட்டால், அடுத்த முறை நமக்குக் கிடைப்பது இன்னும் மோசமானதாகத்தான் இருக்கும். நாடகத்துக்கும் சினிமாவுக்கும் பொருந்தும் இந்த விதி இதற்கும் பொருந்தும்.

முதலில் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம். இந்தப் பந்தயக் கார்களுக்குச் சக்கரத்தின் மேல் மூடி கிடையாது. நான்கு சக்கரமும் உடம்புக்கு வெளியே, வண்டின் கால் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். ஒருவர்தான் உட்காரலாம், அதுவும் ஏறத்தாழப் படுத்த நிலையில். சாதாரணக் கார்கள் இரண்டு பக்கவாட்டில் உரசினால் பெயிண்டு போகும், வாய்ச்சண்டை வரும். இந்தக் கார்களில் ஒன்றின் சக்கரம் இன்னொன்றின் சக்கரத்தைத் தொட்டால், சுழலும் சக்கரத்தின் மேல் சுழலும் சக்கரம் ஏறி, வண்டி அப்படியே ஆகாயத்தில் கிளம்பிவிடும். ஆகவே மூடியில்லாத சக்கரம் என்பது வெறும் அலங்காரமல்ல. பக்கத்தில் வருகிறவனை எவ்வளவு மதிக்கவேண்டும் என்று ஓட்டுகிறவனுக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கும் ஏற்பாடு.

இந்தக் கார்களை இதற்கென்றே கட்டிய மைதானத்தில் ஓட்டுவது ஒன்று. ஊர்த் தெருவில் ஓட்டுவது வேறொன்று. மைதானத்தில் தவறு செய்தால் புல்வெளியும் சரளை மண்ணும் தாங்கிக்கொள்ளும். தெருவில் அதற்கு இடம் கிடையாது. இரு புறமும் கான்கிரீட் சுவர். மழைநீர் வடிவதற்காக நடுவில் உயர்த்திப் போட்ட சாலை, கோடு கிழித்த வழவழப்பான பெயிண்டு, பாதாளச் சாக்கடை மூடி எல்லாம் பந்தயத்தில் கலந்துகொள்கின்றன. 2023 நவம்பரில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரத் தெருக்களில் நடந்த பார்முலா 1 பந்தயத்தின் முதல் பயிற்சி ஓட்டம் சில நிமிடங்களிலேயே நின்றுபோயிற்று. சாலையில் இருந்த ஒரு மூடி பெயர்ந்து ஸெயின்ஸ் என்ற வீரரின் காரைப் பதம் பார்த்துவிட்டது. கோடிக்கணக்கில் செலவழித்துக் கொண்டுவந்த இயந்திரத்தை ஒரு சாக்கடை மூடி நிறுத்திவிட்டது என்றால், தெரு தன் சுபாவத்தை விடவில்லை என்றுதானே அர்த்தம்?

இங்கேதான் தெருப் பந்தயத்தின் சுவை இருக்கிறது என்று நினைக்கிறேன். நமக்குத் தெரிந்த சாலையைத் தெரியாத நிலையில் காட்டுவதுதான் அதன் கலை. தினமும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இடம், மழை பெய்தால் முழங்கால் தண்ணீர் நிற்கும் முனை, ஸ்கூட்டரில் போகும்போது நாமே தடுமாறிய திருப்பம் ஆகியவற்றில் ஒரு தேர்ந்த கை எப்படிப் போகிறது என்று பார்க்கிறோம். சாலையை அறியாதவனுக்கு இதில் பாதிச் சுவைதான். பாத்திரத்தை அறியாதவன் நாவலின் கடைசி அத்தியாயத்தை மட்டும் படித்த மாதிரி.

இந்தக் கலையின் தலைநகரம் மொனாக்கோ. 1929 முதல் அங்கே தெருவில் பந்தயம் நடக்கிறது. சுற்று 3.337 கிலோமீட்டர், வளைவுகள் 19. சென்னைச் சுற்று 3.5 கிலோமீட்டர், வளைவுகள் அதே 19. கணக்கில் நாம் சளைத்தவர்கள் அல்ல. ஆனால் மொனாக்கோவில் மிகவும் பிரசித்தமான இடம் எது தெரியுமா? வேகமான இடமல்ல, மிக மிக மெதுவான இடம். ஒரு ஹோட்டலின் முன்னால் உள்ள கொண்டை ஊசி வளைவு. அங்கே பார்முலா 1 கார் மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில்தான் திரும்பும். நம் டவுன் பஸ்ஸே சில சமயம் அந்த வேகத்தில் போகிறது. உலகத்தின் அதிவேக இயந்திரங்களைப் பார்க்க வந்தவர்கள், அவை ஊர்ந்து திரும்பும் இடத்தைத் தேடிப் போய் நிற்கிறார்கள். ஏற்காட்டு மலைக் கிழவியை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால், பக்கத்தில் நிற்கும் பிரெஞ்சுக்காரரோடு அவளுக்கு அபிப்பிராய பேதம் இராது.

ஏன் வளைவு? டயருக்கும் தார் ரோட்டுக்கும் இடையே உள்ள பிடிப்பு நம்முடைய மாதச் சம்பளம் மாதிரி. அது இவ்வளவுதான் என்று அளவாக இருக்கும். பிரேக்குக்கு முழுவதையும் செலவழித்துவிட்டால் திருப்புவதற்கு மிச்சம் இராது. திருப்புவதற்கே எல்லாம் போய்விட்டால் வேகம் கொடுக்கக் காசு இராது. நேர்ச் சாலையில் இந்தக் கணக்கு வெளியே தெரிவதில்லை. அங்கே எஞ்சின்தான் ஓடுகிறது. வளைவில்தான் ஓட்டுகிறவன் தெரிகிறான். எங்கே பிரேக்கை அழுத்தினான், எவ்வளவு சீக்கிரம் விட்டான், வளைவின் உள் மூலையைத் தொட்டபின் எவ்வளவு நேரம் பொறுத்து ஆக்ஸிலேட்டரை மிதித்தான் என்ற மூன்று கேள்விகளில் வித்தை முழுவதும் அடங்கிவிடுகிறது. மூன்றிலும் கடினமானது பொறுமை.

1988-இல் மொனாக்கோவில் அயர்டன் ஸென்னா என்ற மகா வித்வான் ஐம்பது வினாடி போல் முன்னணியில் இருந்தார். எதிரி கண்ணுக்கே தெரியவில்லை. அந்த நிலையில் சுரங்கப் பாதைக்கு முந்திய வளைவில் தடுப்பில் மோதிப் பந்தயத்தை இழந்தார். பின்னால் வந்த பிராஸ்ட் ஜெயித்தார். அதே ஸென்னா மொனாக்கோவில் மொத்தம் ஆறு முறை வென்றவர்! அவருடைய வேகத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஒரு வளைவில் ஒரு கணம் கவனம் சிதறியதைத் தெரு மன்னிக்கவில்லை. தெருப் பந்தயத்தின் சோக ரசம் அது.

இதெல்லாம் வெள்ளைக்காரர் விவகாரம், நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தெருவை மறித்துச் சக்கரத்தை ஓட்டுவதில் நமக்குப் பல நூற்றாண்டுப் பழக்கம் உண்டு. தேர்த் திருவிழாவைத்தான் சொல்கிறேன். திருவாரூர் ஆழித்தேரின் சக்கரத்துக்கும் மூடி கிடையாது. நான்கு வீதி, நான்கு முனை. வடம் பிடித்து நேர் வீதியில் இழுப்பதற்குப் பலமும் பக்தியும் போதும். தேர் முனைக்கு வந்ததும்தான் ஊரே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுகிறவன் ஒரு விரற்கடை தவறினால் தேர் வீட்டுத் திண்ணையில் ஏறும். அந்த ஆளின் கையைத்தான் எல்லாக் கண்களும் பார்க்கும். தேர் திரும்பி நிமிர்ந்ததும் எழும் ஆரவாரம் சுவாமிக்கு மட்டுமல்ல, அவனுக்கும் சேர்த்துத்தான். வேகத்தை ரசிக்கத் தமிழன் யாரிடமும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கலாம். வளைவை ரசிக்க அவனுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

இயந்திரமும் நமக்குப் புதிதல்ல. சென்னைக்கு அருகே சோழவரத்தில், யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயம் நடந்தது; ஜனங்கள் திரளாகப் போய்ப் பார்த்தார்கள். கோயம்புத்தூரில் கரிவரதன் என்பவர் மாருதி 800 எஞ்சினைப் பொருத்தி, மூடியில்லாச் சக்கரப் பந்தயக் கார்களைக் குறைந்த செலவில் செய்து, எத்தனையோ இளைஞர்களை ஓட்ட வைத்தார். 2005-இல் பார்முலா 1-இல் இறங்கிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரர்தான். ஆகவே இங்கே வித்தையும் இருக்கிறது, வித்தையை அறியும் கண்ணும் இருக்கிறது. இரண்டையும் ஒரு தெருவில் சேர்த்துவைப்பதுதான் சென்னைப் பந்தயத்தின் வேலையாக இருந்தது. அந்த வேலையை அது செய்ததா?

பாதி செய்தது என்று சொல்வேன்.

செய்த பாதியை முதலில் சொல்கிறேன். 2023 டிசம்பரில் நடக்கவேண்டிய பந்தயம் மிக்ஜாம் புயல் வெள்ளத்தால் தள்ளிப்போயிற்று. அப்போது தள்ளிவைத்தது சரியான காரியம். பிறகு நடந்தபோது இரவு வெளிச்சத்தில் நடந்தது. சென்னையின் வெயிலை அறிந்தவர்கள் இதைக் குறைகூற மாட்டார்கள். பார்முலா 4 என்பது இளைஞர்கள் ஏறும் முதற்படி. பெரிய பார்முலாவின் எஞ்சின் பலத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இதற்கு இல்லை. அதனால் தவறும் திருத்தமும் கண்ணுக்குப் பிடிபடுகின்றன. இதோடு சேர்த்து நடந்த லீக் பந்தயத்தில் ஒவ்வொரு அணியிலும் பெண் ஒருவர் ஓட்டவேண்டும் என்ற ஏற்பாடும் இருந்தது. ஆணும் பெண்ணும் ஒரே வண்டியை ஒரே சுவருக்குப் பக்கத்தில் ஓட்டுவதைப் பார்த்த சிறுமிகள் பல பேர் இருந்திருப்பார்கள். அது நல்ல காட்சி.

செய்யாத பாதி, தெருவைக் காட்டாதது. கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் என்று எத்தனை பழக்கமான இடங்கள்! ஆனால் தொலைக்காட்சியில் பார்த்த எனக்குத் தெரிந்தது வெள்ளை வெளிச்சமும், கான்கிரீட் கட்டையும், கம்பி வலையும், விளம்பரமும்தான். ‘முதல் வளைவு, ஐந்தாம் வளைவு’ என்று எண்ணிக்கொண்டே போனார்கள். ஏற்காட்டு வளைவுகளுக்கும் எண்தான் போட்டிருக்கிறது. ஆனால் அந்த எண்களை ஆயிரம் தடவை கடந்தவர்களுக்கு அவை பெயராகவே ஆகிவிட்டன. சென்னையில் நடந்தது நேர்மாறு. ஜனங்கள் தாங்களாகவே பெயர் வைத்து அழைத்துவந்த இடங்களை, இரண்டு நாளைக்கு எண்ணாக்கிவிட்டார்கள். மொனாக்கோவில் ஒரு வளைவுக்குப் பக்கத்திலிருந்த மாதா கோயிலின் பெயர். இன்னொன்றுக்குப் புகையிலைக் கடையின் பெயர்! புகையிலைக் கடைக்காரனின் முனையை உலகமே அறிந்திருக்கிறது.

தீவுத்திடலை ஒட்டி அண்ணா சாலையில் மன்றோ துரை குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் சேலத்துக்காரர்களுக்கு அவரிடம் ஒரு பாத்தியதை உண்டு. 1792 முதல் ஏழு வருஷம் பாரமகாலிலும் சேலத்திலும் நிலம் அளந்து வரி வகுத்தவர். அவருடைய குதிரைக்குச் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. சிற்பி மறந்துவிட்டான் என்று ஒரு கதை ஊரில் உலவுகிறது. சேணமில்லாத குதிரைக்காரரின் அருகே மூடியில்லாத சக்கரங்கள்! இதைவிட நல்ல பெயர் ஒரு வளைவுக்குக் கிடைக்குமா? பந்தயத்தை நடத்தியவர்களுக்கு இது பெரிய செலவு வைத்திருக்காது. ஒரு பலகையும் ஒரு வரைபடமும் போதும்.

தெரு தன்னை மறந்தவர்களுக்குத் தன்னைத் தானே நினைவூட்டிக்கொண்டது. ஒரு நாய் ஓடுதளத்துக்குள் வந்துவிட்டது. கார்கள் காத்திருக்க நேர்ந்தது. செய்தி ஊரெல்லாம் பரவி எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த நாயின் கட்சியிலும் நியாயம் இருக்கிறது. அது அந்தத் தெருவின் நிரந்தரவாசி. தன் தெருவை இரண்டு நாள் வாடகைக்கு விடுவதாக அது யாருக்கும் எழுதிக்கொடுக்கவில்லை.

வழக்குப் போட்டவர்கள் கேட்டதும் ஏறத்தாழ இதே கேள்விதான். பொதுச் சாலையை யாருக்காக மூடுகிறீர்கள், பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறதே, பொதுப் பணம் எதற்கு என்று உயர் நீதிமன்றத்தில் கேட்டார்கள். சர்வதேச சங்கத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் பந்தய தினத்தன்று மாலை வரை வராமல், நீதிமன்றம் அவகாசத்தை நீட்ட வேண்டியதாயிற்று. சட்டத்தின் பதில் கிடைத்துவிட்டது. ரசனையின் பதில் இன்னும் பாக்கி. தேருக்காகத் தெருவை மூடும்போது யாரும் வழக்குப் போடுவதில்லை; ஏனென்றால் வடம் அந்தத் தெருக்காரர்களின் கையில் இருக்கிறது. தெருக்கூத்துக்காக இரவெல்லாம் மூடினாலும் கேட்பதில்லை. ஏனென்றால் திரௌபதியை அவர்களுக்குத் தெரியும். பந்தயத்தில் தெருக்காரன் வலைக்கு அப்பால், டிக்கெட்டுக்கும் அப்பால் நிற்கிறான். அவனுக்கு வடமும் இல்லை, கதையும் தெரியாது. இரைச்சல் மட்டும் காதில் விழுகிறது. பிறகு அவன் பணத்தைப் பற்றித்தானே பேசுவான்?

அப்படியானால் இதைப் பேசாமல் ஏற்காட்டு மலைச் சாலையிலேயே நடத்திவிடலாமே, அங்கே ரசிகர்களும் தயார், வளைவும் தயார் என்று சேலத்து நண்பர் ஒருவர் உற்சாகமாகச் சொன்னார். நான் ஒப்பவில்லை. மலைச் சாலைக்கு உரிய போட்டி வேறு. இலங்கையில் நுவரெலியாவுக்குப் பக்கத்தில் மகாகஸ்தோட்டையில் 1934 முதல் மலையேற்றப் பந்தயம் நடக்கிறது. அங்கே ஒவ்வொரு காராக, கடிகாரத்தோடு போட்டி போட்டுக்கொண்டு ஏறும். அது தனி ஆவர்த்தனம். சுற்றுப் பந்தயம் என்பது பலர் கூடிச் செய்யும் சம்வாதம். மேலும் மலைச் சாலையின் தர்மமே வேறு. குறுகிய இடத்தில் இறங்கி வரும் வண்டி நின்று, ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டம். பாரத்தோடு திணறுகிறவனுக்கு முதல் உரிமை என்று சொல்லும் சாலையில், முந்துகிறவனுக்குக் கோப்பை கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மலைக் கிராமங்களிலிருந்து பிரசவத்துக்கு இறங்கும் ஜீப்புக்கு அந்த வழி வேண்டும்.

ஆனால் அந்தத் தர்மத்தின் ஒரு சிறு பகுதியைச் சமவெளிக்கு எடுத்துப்போகலாம். மறுபடி ஏதோ ஓர் ஊரில் தெருவை மறித்துப் பந்தயம் நடத்த நினைப்பவர்களுக்கு மூன்று காரியங்கள் சொல்வேன். பந்தயத்துக்கு முந்திய மாலை, அந்தச் சுற்று முழுவதையும் ஊர் ஜனங்கள் குழந்தை குட்டிகளோடு நடந்து பார்க்க விடுங்கள்; சுவர் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது அவர்கள் உடம்புக்குத் தெரியட்டும். ஒவ்வொரு வளைவுக்கும் ஊரார் சொல்லும் பெயரையே வையுங்கள். மிகவும் மெதுவான வளைவுக்குப் பக்கத்தில் உள்ள இடத்தைச் சீமான்களுக்கு விற்காமல், இலவசமாக ஜனங்களுக்கு விடுங்கள். வேகத்தைப் பார்க்கப் பணம் கொடுக்கிறவர்கள் நேர்ச் சாலையில் உட்கார்ந்துகொள்ளட்டும்.

இவ்வளவும் செய்தால் எல்லாருக்கும் பந்தயம் பிடித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாள் காலையில் டீக்கடையில் சண்டை வேறு மாதிரி இருக்கும். எவ்வளவு கோடி என்று கேட்பதோடு, அந்த முனையில் அந்தப் பையன் பிரேக்கைச் சற்று முன்னால் விட்டது சரியா தப்பா என்றும் இரண்டு பேர் கேட்டுக்கொள்வார்கள். அப்படி இரண்டு பேர் கிடைத்துவிட்டால், இரண்டு நாள் மூடிய தெருவுக்கு ஏதோ ஒன்று திரும்பக் கிடைத்தது என்று ஒப்புக்கொள்வேன்.